வெறும் அறை

நான் ஒலிப்பதிவுக்காரி.
படத்தில் என் நிழல்கூட விழக்கூடாது.

சப்போரோ, சுசுகினோ, பிப்ரவரி.
ஆறாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும்
சுவரெல்லாம் ஆண்களின் முகம்,
தேர்தல் சுவரொட்டிபோல் வரிசை எண்ணோடு.
முதலிடத்தில் ஷிகி.
தாடை மெலிந்து கண் பெருத்து
கணினி செய்து கொடுத்த முகம்.
அசல் முகம் என் எதிரே நின்று
சட்டைக்குள் ஒயர் போகக் கூச்சப்பட்டது.
"உங்க கை ஜில்லுனு இருக்கு."
வெளியே மைனஸ் ஒன்பது.

கேமரா மேசையோடு நின்றுவிடும்.
மைக் அவனோடு போகும்.
அவன் கழிவறைக்குப் போனான், நானும் போனேன்,
காதால்.
விரலைத் தொண்டைக்குள் விட்டு
அன்றைய மூன்றாவது ஷாம்பெயினை வெளியேற்றினான்.
தண்ணீர். கொப்பளிப்பு. தண்ணீர்.
பிறகு கண்ணாடியிடமோ யாரிடமோ
"உன்னையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்"
நான்கு முறை.
மூன்றாவதுதான் நன்றாக இருந்தது.
மேசைக்கு நான்காவதைக் கொண்டுபோனான்.

மேசையில் மிஃபுயு. இருபத்துமூன்று வயது.
இரண்டு தெரு தள்ளி அவளுக்கும் ஒரு புனைபெயர்,
ஒரு சுவர், ஓர் எண்.
மதியமெல்லாம் யார்யாரோ தந்த நோட்டுகளை
முடி கட்டும் ரப்பரில் சுற்றி எடுத்து வருவாள்.
"அங்க நான் சிரிக்கணும்.
இங்க எனக்காக ஒருத்தன் சிரிக்கணும்"
பால் கணக்கு ஒப்பிக்கும் குரல்.
பொய்யென்று தெரியாதா, என்றார் இயக்குநர் ஹிராசவா.
"ரொட்டிக்கடைக்காரி சிரிச்சா
ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துடுவீங்களா?"

அன்று அவன் பிறந்தநாள்.
(பிறந்தது நவம்பரில்.)
கோப்பைகளை ஐந்தடுக்குக் கோபுரமாக்கி
உச்சியிலிருந்து ஊற்றினார்கள்.
பன்னிரண்டு பையன்கள் சூழ்ந்து நின்று
அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள்.
என் மானியின் முள் சிவப்பிலேயே ஒட்டிக்கொண்டது.
அத்தனைக்கும் அடியில்
அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஆட்களையா நாட்களையா
சரியாகப் பிடிபடவில்லை.

பேட்டி முடிந்தால் எங்கள் தொழிலில் ஒரு சடங்கு.
எழாமல், பேசாமல்
ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா இருக்க வேண்டும்.
வெறும் அறையை நான் பதிய வேண்டும்.
ஓர் அறையின் அமைதியை
இன்னோர் அறையில் ஒட்டினால்
தையல் தெரிந்துவிடும்.

மணி ஒன்றரை. கடை மூடியாயிற்று.
சிவப்பு சோபாவில் இருவரும்.
விரல் உயர்த்தினேன்.

ஃப்ரிட்ஜின் முனகல்.
வாளியில் பனிக்கட்டி ஒன்று சரிந்தது.
கீழே தெருவில் பனி அள்ளும் வண்டி.
அவன் வயிறு இரைந்தது.
அவள் மூக்கால் சிரித்து, அடக்கினாள்.
பத்தொன்பது. இருபது.
என்ன செய்வதென்று தெரியாமல் அவன்
அவளுடைய கையுறையை எடுத்து
உள்பக்கம் புரண்டு கிடந்த ஒரு விரலை
மெல்ல வெளியே தள்ளி நேராக்கினான்.
கம்பளி உரசும் சத்தம்.
அடுத்த விரல்.
மொன்பெத்சுவில் மீன்வலை சிக்கெடுக்கும் வீடு அவனுடையது,
பேட்டியில் சொல்லவில்லை,
மைக் மாட்டும்போது சொன்னான்.
அவளை அவன் பார்க்கவேயில்லை.
நாற்பத்தெட்டு.
அவள் மூச்சு நின்றது. பிறகு
நீளமாக வந்தது.

போதும் என்றேன்.
அவன் நிமிர்ந்தான், முகம் திரும்பி வந்தது.
அவள் கேட்டாள், அவனையில்லை, என்னை:
"இதுக்கும் பில் உண்டா?"
சிரித்தோம்.
பில் வந்தது, கோபுரத்துக்கு.
பாதியைக் கடனில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரலில் தொகுத்தோம்.
கையுறை படத்தில் இல்லை,
கேமராவை அதற்குள் அணைத்திருந்தார்கள்.
ஆனால் வெட்டு விழுந்த இடமெல்லாம்,
ஒரு பேச்சு முடிந்து மறுபேச்சு தொடங்கும் சந்தெல்லாம்
அந்த நிமிடத்தைத்தான் கிழித்துக் கிழித்து
ஒட்டுப் போட்டேன்.
"உன்னையே நினைச்சுக்கிட்டு" என்கிறானே,
அதற்கு அடியிலும் அதுதான் ஓடுகிறது.
யாருக்கும் கேட்காது.
கேட்டால் என் வேலை சரியில்லை.

முதல் காட்சிக்கு ஷிகி வரவில்லை.
ஏழாம் இடத்துக்கு இறங்கிவிட்டதாகப் பேச்சு.
மிஃபுயு வந்தாள், முகமூடியோடு, கடைசி வரிசைக்கு.
விளக்குகள் எரிந்து கூட்டம் கலைந்தபின்
என்னைத் தேடி வந்து நின்றாள்.
ஏதாவது திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டுச்சு" என்றாள்.